இந்தியில் சொன்ன இடுப்பு வலி

என் மருமகளின் போர்டில் அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருக்கிறது. செம்பூரில், கடைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கு மேலே அந்த போர்டு. டாக்டர் என்பது எருமை அளவு எழுத்து. பிசியோதெரபி என்பது எறும்பு அளவு எழுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அப்படிப் படிக்கிறவளுக்கும் எது எருமை, எது எறும்பு என்று தெரியும்.

ஒரு நாள் முட்டி வலிக்காரர் ஒருவர் வந்தார். நல்ல உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் போலிருந்தது. மருமகள் அவர் காலைப் பிடித்து நீட்டி மடக்கி, கட்டுப் போட்டு, வீட்டில் செய்ய வேண்டியதையும் சொல்லி முடித்துவிட்டாள். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "எல்லாம் சரிம்மா, டாக்டர் எப்ப வருவார்?" என்று கேட்டார். என் மகன் அன்று அங்கே இருந்தான். அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "இவங்கதான் சார் டாக்டர். இவ்வளவு நேரம் ஒங்களுக்கு வைத்தியம் பாத்தது யாரு? ஊசி போட்டாத்தான் டாக்டரா?" என்று பிடித்துக்கொண்டான். மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த முட்டி வலிக்காரரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்னும் ஒரு தடவை வருவார், வேறொருவர் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டு.

நான் இருக்கிற தாராவியில் இந்த மாதிரிச் சண்டைக்கே இடமில்லை. எங்கள் சந்து முனை மெடிக்கல் கடைக்காரர் டாக்டர்தான். முன்பு இருந்த டாக்டர் ஊரைப் பார்க்கப் போனபிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்த கம்பவுண்டரும் டாக்டர்தான். அவர்களிடம் போய் யாரும் "டாக்டர் எங்கே" என்று கேட்டதில்லை. கேட்டால் மாத்திரை கிடைக்காது.

இனி என் சங்கதி. பெண்களுக்கு மட்டும் வருகிற ஒரு இறக்கம். கர்ப்பப்பை தன் இடத்தில் நிற்காமல் கீழே வந்துவிடுவது. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு, யாரும் இல்லாத வீட்டில், ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு வெட்கம். காலையில் ஒன்றும் தெரியாது. நிற்க நிற்க, வெயில் ஏற ஏற, அது இறங்கும். பழைய சேலைத் துணியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அடுப்படியில் நிற்பேன்.

என் அடுப்பு முறுக்கு அடுப்பு. எங்கள் சந்தில் பாதி வீடுகளில் அதுதான். காலையில் வியாபாரி வீட்டு ஆள் வந்து மாவும் எண்ணெயும் போட்டுவிட்டுப் போவான். சாயங்காலம் முறுக்கை எடுத்துக்கொண்டு போவான். மாவு போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு அடுப்பு தொடர்ந்து சில நாள் பற்றவில்லை என்றால் அந்த மாவு அடுத்த அடுப்புக்குப் போய்விடும். போன மாவு திரும்பி வராது. பக்கத்துச் சந்தில் ஒருத்தி வயிற்று ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்தாள். தேறி வந்து பார்த்தால் அவள் மாவை அவள் சம்பந்திக்காரியே சுட்டுக்கொண்டிருந்தாள். நலம் விசாரித்துவிட்டு, ஒரு முறுக்கையும் தின்னக் கொடுத்தாளாம்.

அதனால் எனக்கு ஆபரேஷன் என்ற வார்த்தையே ஆகாது. போதாதற்கு என் மகன் சான்பாடாவில் வீடு வாங்கிய நாளிலிருந்து, "யம்மா, அடுப்பக் குடுத்துட்டு எங்கூட வந்துரு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் உயரத்தில் நின்று கீழே பார்த்தால் மனிதர் தலை மட்டும்தான் தெரியும். முகம் தெரியாத ஊரில் நான் யாருடன் பேசுவது? கீழே பேசுவதே எனக்குக் குறைவு. வெளியே சொன்னால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் அடுப்பு போயிற்று, அடுப்பு போனால் சான்பாடா. கணக்கு இவ்வளவுதான். அதனால் யார் கேட்டாலும் இடுப்பு வலி என்றேன்.

இடுப்பு வலிக்கு எல்லோரிடமும் வைத்தியம் இருந்தது. மெடிக்கல் கடைக்காரர் மாத்திரை கொடுத்தார். கம்பவுண்டர் பெல்ட் போடச் சொன்னார். மருமகள் விடவில்லை. "வீட்டிலேயே நான் இருக்கச்சே வேற எங்க போறேள்?" என்று செம்பூருக்குக் கூட்டிப் போய்க் கட்டிலில் படுக்கவைத்தாள். அவள் மாதுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுப் பெண். என் மகன் ஆசைப்பட்டுக் கட்டியவள். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"முட்டியை மடிச்சுண்டு இடுப்பைத் தூக்குங்கோ. இன்னும் கொஞ்சம். அப்படியே நிறுத்துங்கோ. இப்ப வலிக்கறதா?"

"இல்லம்மா."

உண்மைதான். படுத்தால் அது தானாக உள்ளே போய்விடும். எப்படி வலிக்கும்?

"பாத்தேளா, நாலு நாள்ல கொறஞ்சுடுத்து!" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். எழுந்து நின்றால் பழைய கதை. அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் நானும் வாரா வாரம் போய் இடுப்பைத் தூக்கிவிட்டு வந்தேன்.

ஒரு நாள் கட்டிலை விட்டு இறங்கும்போது அந்த மடித்த துணி நழுவிக் கீழே விழுந்தது. நான் எடுப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கெட்டிக்காரி. ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "அம்மா, இங்க பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. பொம்மனாட்டிகளுக்குன்னு தனி ரூம். நாளைக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாமா?" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

மறுநாள் என்னை அங்கே பெஞ்சில் உட்காரவைத்துச் சீட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் தன் கிளினிக்குக்கு வருகிறவர்களைப் பார்க்கப் போய்விட்டாள். என் முறை வந்தது. உள்ளே நீலக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், முகத்தில் சிரிப்பு கிடையாது. டாக்டர் வருவதற்கு முன்னால் விவரம் கேட்டு எழுதுகிறவள் என்று நினைத்துக்கொண்டேன். மாவ்ஷி என்று மராத்தியில் சித்தி முறை வைத்துக் கூப்பிட்டு, என்ன தொந்தரவு என்று இந்தியில் கேட்டாள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எனக்கு இந்தி என்பது கத்திரிக்காய் வாங்குகிற பாஷை. பஸ்ஸில் இடம் கேட்கவும் குழாயடியில் சண்டை போடவும் கற்றுக்கொண்டது. வெட்கப்படுவதற்கு நான் அதில் பழகவே இல்லை. தமிழில் நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற விஷயம், இந்தியில் சொத்தைக் கத்திரிக்காய் மாதிரி சாதாரணமாக வெளியே வந்துவிட்டது.

"அந்தர் வாலா பாஹர் ஆதா ஹை" என்றேன். உள்ளே இருப்பது வெளியே வருகிறது என்று.

"எப்போதிலிருந்து?"

"மாவு தூக்கினதிலிருந்து." இதையும் இந்தியில்தான்.

அந்த அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள், நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். துணி கட்டுவது, சிறுநீர் நிற்காதது, தும்மினால் படும் பாடு, எல்லாம். பெற்ற தாயிடம் சொல்லாததை எல்லாம் நீலக் கோட்டுக்குக் கொட்டிவிட்டேன். பிறகு படுக்கச் சொல்லிப் பார்த்தாள். விரலால் அளவு பார்த்து, பெட்டியிலிருந்து ரப்பர் மாதிரி மிருதுவான ஒரு வளையத்தை எடுத்தாள். இரண்டாக மடித்து உள்ளே வைத்தாள். உள்ளே போய் அது விரிந்து, இறங்குவதைத் தாங்கிக்கொள்ளுமாம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு முறுக்கு எண்ணெய் காய்ந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

"இனி வெளியே போய் நடங்கள். படி ஏறி இறங்குங்கள். நன்றாக இருமுங்கள். சிறுநீர் போய்விட்டு வாருங்கள்."

நான் நடைக்கு வந்து நடந்துகொண்டே இருமினேன். பெஞ்சில் இருந்த ஒரு குடும்பமே முகமூடியை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தது. வளையம் அசையவில்லை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு நான் தாராளமாக இருமினேன். இருமுவதில் இத்தனை சுகம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே திரும்பி வந்து, "டாக்டர் கப் ஆயேகா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "டாக்டர் வரமாட்டாரு பெரியம்மா. இந்த ரூமுக்கு நாந்தான். நான் நர்ஸு. இதுக்குன்னே தனியாப் படிச்சவ."

தமிழ். அதுவும் எங்கள் திருநெல்வேலித் தமிழ். எனக்கு அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சொன்னது ஒவ்வொன்றும் இந்தியிலிருந்து தமிழுக்கு மாறி என் காதுக்குத் திரும்பி வந்தது.

"ஒனக்குத் தமிழ் தெரியுமா?"

"எங்கம்மைக்கு அம்பாசமுத்திரம்லா."

"மொதல்லயே சொல்லப்படாதா தாயி!"

"நீங்க இந்தில சொன்னிய, நானும் இந்தில கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள்.

வளையம் வந்தபிறகு அடுப்படியில் நின்றேன். மத்தியானம் வந்தது. நின்றேன். சாயங்காலம் வந்தது. நின்றுகொண்டுதான் இருந்தேன். பக்கத்து அடுப்பு மதினிக்கு அது பொறுக்கவில்லை. நாங்கள் சொந்தம் இல்லை, ஒரே சந்தில் எண்ணெய்ப் புகை குடித்த உறவு. ஒருவரை ஒருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"என்ன மதினி, புதுப்பொண்ணு கணக்கா நிமிந்து நடக்கே? மருமவ முதுகுல கம்பி வச்சுத் தச்சுட்டாளா?"

"எல்லாம் அவ சொல்லிக்குடுத்த எக்சசைசு" என்றேன். மருமகளின் புகழுக்கு என்னால் முடிந்தது.

மகனுக்கு விஷயம் போயிற்று. மருமகள் பொதுவாக ஏதோ பெண்கள் தொந்தரவு என்று சொல்லியிருக்கிறாள். அவன் போன் பண்ணினான்.

"யம்மா, ஆஸ்பத்திரிக்குப் போனியாமே. யாரு பாத்தா?"

"ஒரு அம்மா பாத்தாங்க."

"டாக்டரம்மாவா?"

"நீலக் கோட்டு."

மருமகளிடம் கேட்டுவிட்டு மறுபடியும் வந்தான். "நர்ஸா? நர்ஸு பாத்துட்டு நர்ஸே அனுப்பிட்டாளா? அப்ப டாக்டர் எங்க?"

அந்த முட்டி வலிக்காரர்தான். செருப்பைக்கூட மாட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் ஒரு நாள் அந்த வளையம் விழுந்துவிட்டது. மிளகாய்ப் பொடி நெடியில் தும்மிக்கொண்டே மாவு டின்னைத் தூக்கினேன். தூக்காதே என்று நர்ஸம்மா சொல்லித்தான் விட்டிருந்தாள். ஆனால் டின்னுக்கு அது தெரியாதே. வளையத்தை எடுத்துக்கொண்டு மூலையில் தண்ணீர் புழங்குகிற மோரிக்குள் போய்த் தட்டியைச் சாத்தினேன். அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கிறது. செம்பூருக்குப் பஸ் பிடித்துப் போய் வருவதற்குள் மாவு புளித்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவினேன். அந்த அம்மா மடித்தது ஞாபகம் இருந்தது. நானும் மடித்தேன். கைமுறுக்கு சுற்றுகிற கைக்கு ஒரு பழக்கம் உண்டு, அழுத்தவும் மாட்டாது, விடவும் மாட்டாது. உள்ளே வைத்துவிட்டேன். எழுந்து நின்று இருமிப் பார்த்தேன். நின்றது. கையைக் கழுவிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து முறுக்கைச் சுற்றினேன்.

அடுத்த தடவை நர்ஸம்மா பார்க்கும்போது புருவத்தைச் சுளித்தாள்.

"இது நான் வச்ச மாதிரி இல்லையே. யாரு வச்சது?"

"விழுந்துட்டு. நாந்தான்."

"நீங்களா! விழுந்தா இங்க வரணும்லா? பெரியம்மா, இது படிச்சவங்க செய்யவேண்டிய காரியம். இதுக்குன்னு தனி ட்ரெய்னிங் போயி, ஒவ்வொண்ணா செஞ்சு காமிச்சு, டாக்டரு என்னைய நம்பி இந்த ரூமைக் குடுக்க எம்புட்டு நாளாச்சு தெரியுமா? நீங்க என்னடான்னா மோரில குத்தவச்சு மாட்டிக்கிட்டு வாறிய! கோணலா வேற இருக்கு."

அவள் சொல்வது நியாயம்தான். அதே சமயம், அந்த டாக்டரும் ஒரு காலத்தில் இவளிடம் இதே குரலில்தான் சொல்லியிருப்பார் என்றும் தோன்றியது. எங்கள் சந்தில் குழாயடிக்கு வரிசை நிற்கும்போது பார்த்திருக்கிறேன். முன்னால் இருக்கிறவளை முந்துகிறவளுக்குத்தான் பின்னால் வருகிறவள் முந்தினால் கோபம் அதிகம் வரும்.

அவளும் கோபத்தை ரொம்ப நேரம் வைத்திருக்கவில்லை. ஒரு அளவு பெரிய வளையம் எடுத்து வைத்தாள். பிறகு அதை வெளியே எடுப்பது எப்படி, கழுவுவது எப்படி, மறுபடி கோணாமல் வைப்பது எப்படி என்று என் கையாலேயே செய்யவைத்தாள். புண் வந்தால், ஒரு சொட்டு ரத்தம் பட்டால், அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்று சத்தியம் வாங்காத குறை. கடைசியில் என் கையைப் பார்த்துவிட்டு, "நல்ல கைதான். என் பொழப்புக்கு ஒல வச்சிராதிய பெரியம்மா" என்றாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

மகன் சும்மா இருப்பானா? பெரிய டாக்டரிடமே சீட்டு வாங்கிவிட்டான். அதே ஆஸ்பத்திரியின் மேல் மாடியில் குளிரூட்டிய அறை. டாக்டர் வயதானவர், நல்ல மனிதர், தமிழ் தெரியாது. மகனும் அவரும் பாதி ஆங்கிலம் பாதி இந்தியில் பேசிக்கொண்டார்கள். நான் நடுவில் ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மகன் கேட்டான், நர்ஸ் பார்த்தது சரியா என்று.

வளையம் எல்லாம் கீழே அவர்கள் பொறுப்பு என்றார் டாக்டர். "நான் கத்தி பிடிக்கிறவன். என்னிடம் வந்தால் ஆபரேஷனைப் பற்றித்தான் பேச முடியும். வயதுக்கு உடம்பு திடமாக இருக்கிறது, செய்யலாம். செய்யாமலும் இருக்கலாம்."

மகனுக்குக் கடைசியில் சொன்னது காதில் விழவில்லை. டாக்டரே ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லிவிட்டார் அல்லவா? செய்தால் எத்தனை நாள் ஓய்வு என்று கேட்டான். மாதக்கணக்கில் கனம் தூக்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஜாக்கிரதை என்றார். என் மகன் முகத்தில் சான்பாடா தெரிந்தது. ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் வந்து தேதி குறிப்பதாகப் பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சான்பாடாவில் சாப்பாடு. மருமகள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"ரிங்குதான் நன்னா நிக்கறதே. எதுக்கு இப்போ ஆபரேஷன்?" என்று கேட்டாள்.

"அது நர்ஸு வச்சது."

"அதனால?"

"நர்ஸுன்னா நர்ஸு வேலையப் பாக்கணும். டாக்டர் வேலைய டாக்டர்தான் பாக்கணும்."

சாம்பார்க் கரண்டி நடு வழியில் நின்றது. "அப்போ நான் யாரு?"

"நீ வேற. நீ டாக்டர்."

"யார் சொன்னா?"

"போர்டுல போட்டிருக்குல்லா."

"அந்த போர்டை எழுதி மாட்டினது யாரு? நீதானே!"

மகன் தட்டைப் பார்த்தான். நான் அப்பளத்தை நொறுக்காமல் வாயில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வந்தால் இரண்டு பேரில் யாராவது ஒருவர் என்னைச் சாட்சிக்கு இழுப்பார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மருமகளே பேச்சை மாற்றினாள். அவள் கிளினிக்குக்கு எதிரே இருக்கும் ஜிம்முக்காரன், வருகிறவர்களுக்கு முதுகு வலி, கழுத்து வலி எல்லாம் பார்க்கிறானாம். "பிசியோன்னு போர்டு வேற மாட்டிண்டுட்டான். என்ன படிச்சிருக்கான் அவன்? இதையெல்லாம் கேக்கறவாளே கிடையாதா?" என்று பொரிந்தாள். மகன் உடனே அவளோடு சேர்ந்துகொண்டான். சண்டை தீர்ந்தது. ஜிம்முக்காரன் புண்ணியத்தில் எல்லோரும் ஒற்றுமையாகப் பாயசம் சாப்பிட்டோம். என் ஆபரேஷன் மட்டும் அப்படியே இருந்தது.

தேதி குறிக்கிற நாளும் வந்தது. அதே குளிர் அறை. டாக்டர் பரிசோதனைக் காகிதங்களைப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, திங்கள்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று மகனைக் கேட்டார். திங்கள்கிழமை. மாவுக்கார ஆள் வருவான், அடுப்பு பற்றியிருக்காது, டின்னை மதினி வீட்டு வாசலில் இறக்குவான். மதினி நலம் விசாரிக்க வருவாள், எனக்கு ஒரு முறுக்கும் கொண்டுவருவாள். எல்லாம் கண்ணுக்கு முன்னால் ஓடியது.

மகனிடம் தமிழில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. பிள்ளையிடம் தாய் எப்படிச் சொல்வது, என் உடம்பு, என் இஷ்டம் என்று? அந்த மாதிரி வார்த்தைகளை எங்கள் வீட்டில் யாரும் தமிழில் புழங்கினதே இல்லை. வாயை மூடிக்கொண்டேன். பிறகு டாக்டரைப் பார்த்து, குழாயடிக் குரலில், கத்திரிக்காய் பாஷையில் சொன்னேன்.

"மேரேகோ ஆபரேசன் நஹி மாங்தா." எனக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று.

மகன் நாற்காலியோடு திரும்பினான். நான் அவன் முன்னால் அதற்கு முன் இந்தி பேசியதில்லை. அவனுக்குத் தெரிந்த அம்மாவுக்கு இந்தியில் காய்கறிப் பெயர் மட்டும்தான் தெரியும்.

"ஏன் மாஜி?" என்றார் டாக்டர். அதுவரை என்னை அவர் எதுவும் கேட்டதில்லை. கேட்பதற்குப் பாஷை இல்லை என்று நினைத்திருப்பார்.

"மேரா சூலா பந்த் ஹோ ஜாயேகா" என்றேன். என் அடுப்பு அணைந்துவிடும். ஆரம்பித்துவிட்டேன், இனி நிறுத்துவானேன் என்று மிச்சத்தையும் சொன்னேன். வளையம் நிற்கிறது, விழுந்தால் வைக்கத் தெரியும், கழுவத் தெரியும், ரத்தம் பட்டால் ஓடி வருவேன், நர்ஸம்மா எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று. தப்பும் தவறுமான இந்திதான். ஆனால் நான் நிறுத்தும்வரை ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

டாக்டர் பேனாவை மூடினார். மகனிடம், "ஆபரேஷன் எங்கேயும் ஓடிப் போகாது. வளையம் ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் இருக்கிறேன். இப்போது அம்மா சொல்லிவிட்டார், முடிந்தது" என்றார். பிறகு என்னிடம், "ஆனால் மாஜி, டின் தூக்கக்கூடாது" என்றார். நீலக் கோட்டு சொன்னதுதான். பெரிய டாக்டரே சொன்னபிறகு மகனுக்கு அது வைத்தியம் ஆகிவிட்டது.

வெளியே வந்து வெகு தூரம் நடந்தபிறகுதான் மகன் வாயைத் திறந்தான். "யம்மா, நீ இந்தி பேசுவியா?" அவனுக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

அடுத்த ஞாயிறு அவன் ஒரு பலகையோடு வந்தான். நான்கு மூலையிலும் சக்கரம். மாவு டின்னை வியாபாரி ஆள் அதன் மேலேயே இறக்கிவிட்டால் நான் தள்ளிக்கொண்டு போகலாம். அவனே அறுத்து, அவனே ஆணி அடித்தது. ஒரு சக்கரம் தரையைத் தொடாது. தள்ளினால் இடது பக்கம் இழுக்கும். தச்சர் எங்கே என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் மதினிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு மத்தியானம் அடுப்படியில் வந்து நின்றாள். வழக்கமான கேலி எதுவும் இல்லை.

"மதினி, எனக்கும் கொஞ்ச நாளா இடுப்பு வலி."

"எங்கன வலிக்கி?"

அவள் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள். நான் முறுக்கைத் திருப்பிப் போட்டேன். முறுக்கு சிவந்து வந்தது. எனக்கு அப்போதுதான் எங்கள் சந்து முழுக்க எத்தனை பேருக்கு இடுப்பு வலி என்று ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்தது.

"நீயே ஒரு தடவ பாத்துச் சொல்லேன்" என்றாள் மெதுவாக. "ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே. வெளிய தெரியாம முடிஞ்சிரும்."

"நான் என்ன நர்ஸா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். "இதுக்குன்னு தனியாப் படிச்சவங்க இருக்காங்க. கண்டவங்களும் கை வைக்கிற காரியமா இது?" சொன்ன பிறகுதான், குழாயடி வரிசையில் நானும் ஒரு இடம் பிடித்துவிட்டேன் என்று தெரிந்தது. எனக்குப் பின்னால் மதினி நின்றாள்.

"நர்ஸா? டாக்டர் பாக்கமாட்டாரா?" என்றாள்.

"அங்க வந்து பாரு."

"எப்படி மதினி வாயத் தொறந்து சொல்லுவேன்? செத்துருவேன்."

"இந்தில சொல்லு" என்றேன். "வெக்கம் வராது."

மறுநாள் செம்பூர் பஸ்ஸில் போகும்போது சொல்லிக் கொடுத்தேன். அந்தர் வாலா பாஹர் ஆதா ஹை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சாமி மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு தடவை உள்ளேயும் வெளியேயும் மாறிப்போயிற்று. திருத்தினேன்.

ஆஸ்பத்திரியில் அவள் முறை வந்ததும் நர்ஸம்மா திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதினி வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, நடை முழுக்கக் கேட்கும்படி, "மதினி, எங்கிட்டும் போயிராத, இங்கனயே இரு! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல!" என்று கத்தினாள். சுத்தமான திருநெல்வேலி. ஒரு முழம் தூரத்தில் நின்ற நர்ஸம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. திரை மூடியது.

"போலோ மாவ்ஷி, க்யா தக்லீஃப் ஹை?" என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. என்னைக் கேட்ட அதே கேள்வி, என்ன தொந்தரவு என்று.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் நிமிர்ந்தேன். நான் முதலில் வந்த அன்றைக்கும் என் சீட்டில் என் தமிழ்ப் பெயர் எழுதியிருந்தது. மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி இருந்தது. முதல் பார்வையிலேயே நான் யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் இந்தியில் கேட்டிருக்கிறாள்.

உள்ளே மதினி திக்கித் திக்கி ஆரம்பித்தாள். மறுபடியும் உள்ளேயும் வெளியேயும் மாறிப்போயிற்று. நர்ஸம்மா திருத்தவில்லை. "ஹா... ஔர்?" என்றாள், ஆமாம், அப்புறம் என்று. மதினியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயடிக் குரலாக ஏறிக்கொண்டு வந்தது.

பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு ஆள், மனைவியோடு வந்தவர், பொறுமை போய் என்னிடம் இந்தியில் கேட்டார், டாக்டர் உள்ளே இருக்கிறாரா என்று.

"ஹை" என்றேன். இருக்கிறார் என்று.

நேரம் கழித்துத் திரை விலகியது. நடந்து பார்க்கவும் இருமிப் பார்க்கவும் மதினியை வெளியே அனுப்பியிருந்தார்கள். நேரே என்னிடம் வந்தாள், கண்ணில் தீப்பொறி.

"ஏட்டி, அவளுக்குத் தமிழ் தெரியுமாமே! எல்லாத்தையும் சொன்னப் பொறவு, 'காலைத் தளத்தி வைங்க பெரியம்மா'ங்கா! ஒனக்குத் தெரியுந்தான? முன்னாலயே சொல்லப்படாதா?"

"சொல்லிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இருமு மதினி" என்றேன். "நல்லாச் சத்தமா இருமு. ரெண்டு அடுப்பும் சும்மா கெடக்கு."